கீசருக்குள்ள முட்டை ஓடு: போர் தண்ணியும் நம்ம வீட்டு மெஷின்களும்

(எபிசோட் உரையின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன. பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு எபிசோட் ஒரு அட்வான்ஸ் பஞ்சாயத்துல ஆரம்பிக்குது.

நான் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு அபார்ட்மென்ட்ல வாடகைக்கு இருக்கேன். ரெண்டு வருஷத்துல மூணாவது தடவையா கீசர் காயில் போச்சு. முதல் ரெண்டு தடவை ஹவுஸ் ஓனர் ஒண்ணும் சொல்லாம மாத்திக் கொடுத்தார். மூணாவது தடவை போன்லயே கறாரா சொல்லிட்டார்: “தம்பி, நீங்க கீசரைப் போட்டுட்டு மறந்துடுறீங்க. இந்தத் தடவை அட்வான்ஸ்ல கழிச்சுக்குவேன்.” நான் மறக்கலைன்னு சத்தியமே பண்ணுவேன். ஆனா சத்தியத்தை யார் நம்புறா?

சர்வீஸுக்கு வந்த அண்ணன் கீசரைக் கழட்டி, அடித்தட்டைத் திறந்து, காயிலை வெளிய இழுத்தார். காயிலே கண்ணுக்குத் தெரியல. பஜ்ஜிக்கு மாவு தோய்ச்ச மாதிரி மேல தடியா ஒரு வெள்ளைத் தோல். டேங்க் அடியில இருந்து முட்டை ஓடு மாதிரி துண்டு துண்டா கால் பக்கெட் கொட்டுச்சு. அதை நியூஸ்பேப்பர்ல பரப்பி வச்சுட்டு, “காயில் மேல தப்பு இல்ல தம்பி, தண்ணி மேலதான்”னார்.

முட்டை ஓடுன்னு சும்மா பேச்சுக்குத்தான் சொன்னேன். அப்புறம் படிச்சா, அது உவமையே இல்ல. முட்டை ஓடும், கீசருக்குள்ள இருந்த அந்தத் துண்டும் பெரும்பாலும் ஒரே பொருள்தான். கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லு, மார்பிள், கடல் சிப்பி எல்லாம் அதே குடும்பம்.

உப்புத் தண்ணின்னா எந்த உப்பு?

நம்ம ஊர்ல இதுக்கெல்லாம் சேர்த்து ஒரே பேர் வச்சிருக்கோம்: உப்புத் தண்ணி. குழப்பமே இங்கதான். கடலோர ஏரியாவுல போர் போட்டா வாயில வச்சதும் கரிக்குமே, அது சாப்பாட்டு உப்பு, அதாவது சோடியம் குளோரைடு. கீசரைக் கெடுக்குறது அது இல்ல. கால்சியமும் மக்னீசியமும் கரைஞ்சு வர்ற தண்ணி. ஸ்கூல் புத்தகத்துல ‘கடின நீர்’னு படிச்சோமே, அதுதான். ரெண்டும் சேர்ந்தும் வரலாம், தனித்தனியாவும் வரலாம். ஒரு தண்ணி கரிக்காமலேயே பயங்கர ஹார்டா இருக்கலாம்.

நம்ம பாட்டிங்க இதை மீட்டர் இல்லாமலே கண்டுபிடிச்சாங்க. “இந்தத் தண்ணியில பருப்பு வேகாது”ம்பாங்க. “சோப்பு நுரைக்காது”ம்பாங்க. ரெண்டுமே சரியான டெஸ்ட். பருப்புத் தோலுக்குள்ள செல்லுங்களை ஒட்டவைக்கிற பெக்டினை கால்சியம் போய் இன்னும் இறுக்கமா கட்டிடும், அதனால விசில் நாலு விட்டாலும் நறநறன்னு இருக்கும். சோப்பு கால்சியத்தோட சேர்ந்தா தண்ணியில கரையாத ஒரு வெள்ளைத் திப்பியா மாறிடும். பக்கெட் விளிம்புலயும் பாத்ரூம் டைல்ஸ்லயும் வழவழன்னு ஒட்டுறது அந்தத் திப்பிதான். நீங்க போடுற சோப்புல ஒரு பங்கு உடம்பைத் தேய்க்கவே வர்றதில்ல, கால்சியத்தோட சண்டை போட்டே தீர்ந்துடுது.

தண்ணிக்குள்ள இது எப்படி வருது? மழைத் தண்ணி மென்னீர். மண்ணுக்குள்ள இறங்கும்போது அங்க இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடைச் சேர்த்துக்கிட்டு லேசா அமிலமாகும். அந்த லேசான அமிலம் சுண்ணாம்பு கலந்த மண்ணையும் பாறையையும் மெதுவா கரைக்கும். கரைஞ்சது பைகார்பனேட்டா, கண்ணுக்குத் தெரியாம, நம்ம போர் வரைக்கும் வந்துடும். அதே தண்ணியைச் சூடு பண்ணினா அந்தக் கதை அப்படியே ரிவர்ஸ்ல ஓடும். கார்பன் டை ஆக்ஸைடு பறந்துடும், சுண்ணாம்பு மறுபடி கல்லாயிடும்.

இதுல ஒரு வினோதம் இருக்கு. சர்க்கரை சுடுதண்ணியில அதிகமா கரையும், தெரியும். கால்சியம் கார்பனேட் நேரெதிர். சூடு ஏற ஏற கரையுறது குறையும். அதனால தண்ணியில எந்த இடம் ரொம்பச் சூடோ, சரியா அங்கதான் போய் உட்காரும். கீசர்ல ரொம்பச் சூடான இடம் எது? காயிலோட மேல்பரப்பு. வீடு முழுக்க அதே தண்ணி ஓடியும் சமையலறை பைப்புக்குள்ள இவ்வளவு கல்லு சேராம கீசர்ல மட்டும் சேருறதுக்குக் காரணம் இதுதான்.

எங்க வீட்டுக் கணக்கைச் சொல்றேன். டெஸ்ட் பண்ணினப்போ லிட்டருக்கு ஏறக்குறைய 400 மில்லிகிராம் கடினத்தன்மை. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 குடிநீருக்கு ஏத்துக்கிற அளவு 200, வேற வழியே இல்லன்னா 600 வரைக்கும் போகலாம். ஆக நாங்க நடுவுல இருக்கோம், மோசமான கேஸ் கூட இல்ல. ரெண்டு பேருக்கு ஒரு நாளைக்கு 60 லிட்டர் சுடுதண்ணின்னு வச்சுக்கோங்க. தினம் 24 கிராம், வருஷத்துக்கு எட்டரை கிலோவுக்கு மேல அந்தக் கீசர் வழியா கடந்து போகுது. அதுல நூத்துக்கு அஞ்சு பங்கு மட்டும் உள்ளயே தங்கினாலும் 400 கிராமுக்கு மேல கல்லு. கால் பக்கெட் எங்க இருந்து வந்துச்சுன்னு புரியுதா?

கரண்ட் பில் கதை

இங்க எல்லாரும் சொல்ற ஒரு விஷயத்தோட நான் சண்டை போடணும். “படிவு வந்தா கரண்ட் பில் டபுளாகும்”னு விளம்பரத்துல சொல்றாங்க. எலக்ட்ரிக் கீசருக்கு இது உண்மை இல்ல. காயில் தண்ணிக்குள்ளதான் முங்கிக் கிடக்குது. அதுல ஓடுற கரண்ட் எல்லாம் சூடாகித்தான் தீரணும், அந்தச் சூடு தண்ணியைத் தவிர வேற எங்க போகும்? கல்லு வழியா மெதுவா போகும், ஆனா தண்ணிக்குத்தான் போகும். பில்லுல பெருசா வித்தியாசம் வராது. கேஸ் கீசர்ல மட்டும் இது நிஜம். அங்க நெருப்பு வெளிய, தண்ணி உள்ள. நடுவுல இருக்கிற குழாய்ல படிவு இருந்தா சூடு உள்ள போக முடியாம புகையோட வெளிய போயிடும். சிலிண்டர் சீக்கிரம் காலி.

எலக்ட்ரிக் கீசர்ல அடி வாங்குறது பில் இல்ல, காயிலே. செம்பு சூட்டைக் கடத்துறதுல இந்தச் சுண்ணாம்பை விட நூறு மடங்குக்கு மேல கெட்டி. காயில் மேல கல்லு ஏறினதும், போர்வை போத்தின மாதிரி, உள்ள சூடு வெளியேற முடியாம காயிலோட வெப்பம் எகிறும். கொஞ்ச நாள்ல மேலுறை வெடிச்சு உள்ள தண்ணி இறங்கும், இல்ல உள்ள இருக்கிற கம்பியே அறுந்துடும். கம்பி அறுந்தா சுடுதண்ணி வராது, அவ்வளவுதான். மேலுறை வெடிச்சா விஷயம் வேற. தண்ணி கரண்டைத் தொடுது.

இந்த இடத்துல கொஞ்சம் கவனமா கேளுங்க. கீசர் போட்டதும் மெயின் போர்டுல ஆர்.சி.சி.பி. ட்ரிப் ஆகுதுன்னா அதைத் திரும்பத் திரும்பத் தூக்கி விடாதீங்க. அது தொல்லை பண்ணல, உங்க உயிரைக் காப்பாத்திட்டு இருக்கு. பழைய வீடு, ஆர்.சி.சி.பி.யே இல்ல, எர்த்தும் சந்தேகம்னா, பக்கெட்ல தண்ணி பிடிச்சு ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டுக் குளிங்க. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதல்ல அந்த வேலையை முடிங்க, கீசர் சர்வீஸ் அப்புறம்.

இன்னொன்னு சேஃப்டி வால்வு. தெர்மோஸ்டாட் வேலை செய்யாம தண்ணி ஓவரா சூடானா, உள்ள ஏறுற பிரஷரை வெளிய விடுற சின்ன வால்வு அது. அதே வெள்ளைக் கல்லு இது வாயிலயும் அடைச்சுக்கும். தெர்மோஸ்டாட்டும் போய், வால்வும் அடைச்சா, அது கீசர் இல்ல, மூடி வெல்டிங் வச்ச குக்கர். எங்க அண்ணன் காயில் மாத்துறப்போ அந்த வால்வையும் கழட்டிக் காட்டினார், பாதி அடைச்சிருந்தது. நான் மூணு காயிலுக்கு அழுதேனே தவிர இதைப் பத்தி யோசிச்சதே இல்ல.

சர்வீஸ் பண்றப்போ ஆனோடு ராடையும் பாக்கச் சொல்லுங்க. டேங்க் துருப்பிடிக்காம இருக்க, தனக்கு மேல அடியை வாங்கிக்கிற மக்னீசியக் கம்பி அது. உப்பு அதிகமான தண்ணியில வேகமா கரையும். அது தீர்ந்ததும் அடுத்து டேங்க்தான்.

வாஷிங் மெஷின், கெட்டில், மத்ததெல்லாம்

வாஷிங் மெஷின்ல ரொம்பப் பேர் தேவையில்லாம பயப்படுறாங்க. உங்களுது டாப் லோடா, உள்ள ஹீட்டர் இல்லையா? பச்சைத் தண்ணியிலதான் துவைக்குதுன்னா கல்லு படியுற வாய்ப்பு கம்மி. தண்ணி மெதுவா ஏறுதுன்னா பின்னாடி பைப் சேருற இடத்துல இருக்கிற சல்லடையைக் கழட்டிப் பாருங்க, பெரும்பாலும் மண்ணும் துருவும்தான் இருக்கும். ஃப்ரண்ட் லோடு வேற. உள்ள ஹீட்டர் இருக்கு. தினம் 60 டிகிரியில போட்டா கீசர் கதையேதான். அழுக்குத் துணிக்கு மட்டும் சூடு வைங்க, மத்ததுக்கு 30, 40 போதும்.

ரெண்டு மெஷினுக்கும் பொதுவான நஷ்டம் துணிதான். பவுடர்ல கால்சியத்தைப் பிடிச்சு வைக்கன்னே சில பொருள் சேர்த்திருப்பாங்க. தண்ணி ரொம்ப ஹார்டா இருந்தா அது பத்தாது, வெள்ளைச் சட்டை சாம்பல் நிறத்துக்குப் போகும், டவல் அப்பளம் மாதிரி விறைக்கும். பாக்கெட் பின்னாடி ஹார்டு வாட்டருக்குத் தனி அளவு போட்டிருந்தா அதைப் பாருங்க.

கெட்டில் ரொம்ப ஈசி. கடையில சிட்ரிக் ஆசிட், அதான் எலுமிச்சை உப்பு, பாக்கெட்ல கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணியில ஒண்ணு ரெண்டு டேபிள் ஸ்பூன் போட்டு சூடு பண்ணி, அரை மணி நேரம் அப்படியே விடுங்க. சுர்ருன்னு நுரைக்கும். அந்த நுரைதான், மண்ணுக்குள்ள சுண்ணாம்பைக் கரைச்சுதே அந்த கார்பன் டை ஆக்ஸைடு. கொட்டிட்டு ரெண்டு தடவை கழுவுங்க. ஷவர் ஓட்டை அடைச்சா வினிகர்ல ஒரு மணி நேரம் ஊறப் போடுங்க, ராத்திரி முழுக்க வேண்டாம், குரோம் பூச்சு போயிடும்.

மூணு எச்சரிக்கை. பாத்ரூம் கழுவுற ஆசிடை கீசர்லயோ மெஷின்லயோ ஊத்தவே கூடாது, ஸ்டீலைத் தின்னுடும். எந்த ஆசிடையும் ப்ளீச்சிங் பவுடரோட கலக்காதீங்க, குளோரின் வாயு வரும், மூடின பாத்ரூம்ல அது ஆளையே சாய்க்கும். மூணாவது, மார்பிள்லயும் சமையலறைக் கடப்பா கல்லுலயும் சிந்தாதீங்க. கடப்பாவும் சுண்ணாம்புக்கல்தான், உங்க ஆசிடுக்கு கெட்டில் படிவு எது, மேடை எதுன்னு வித்தியாசம் தெரியாது.

டி.டி.எஸ். மீட்டர் வித்தை

வீட்டு வாசல்ல வந்து ஒருத்தர் பேனா மாதிரி மீட்டரைத் தண்ணியில விட்டு, “சார், 900!”ம்பார். நம்ம முகம் வெளிறிடும். அந்த மீட்டர் அளக்குறது தண்ணி எவ்வளவு கரண்டைக் கடத்துதுன்னு மட்டும்தான். அதை வச்சு மொத்தம் எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு ஒரு மதிப்பு காட்டும். கால்சியமா, சாப்பாட்டு உப்பான்னு அதுக்குத் தெரியாது. கீசருக்குத் தேவையான நம்பர் அது இல்ல, கடினத்தன்மை.

அதுக்கு அடுத்த வித்தை இன்னும் சுவாரஸ்யம். ரெண்டு டம்ளர்ல தண்ணி. ஒண்ணு உங்க வீட்டுக் குழாய், ஒண்ணு அவங்க ஆர்.ஓ. ரெண்டுலயும் உலோகக் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுப்பாங்க. உங்க தண்ணி காபி டிகாஷன் நிறத்துக்கு மாறும், அவங்களுது தெளிவா நிக்கும். அந்தப் பழுப்பு உங்க தண்ணியில இருந்து வரல மக்களே, இரும்புக் கம்பியில இருந்து வருது. உப்பு இருக்கிற தண்ணி கரண்டைக் கடத்தும், கம்பி கரையும். ஆர்.ஓ. தண்ணி கடத்தாது, கம்பி சும்மா இருக்கும். நல்ல மினரல் வாட்டர்ல பண்ணினாலும் நிறம் மாறும்.

கடினத்தன்மையை அளக்க ஆன்லைன்ல டெஸ்ட் ஸ்ட்ரிப் கிடைக்குது, சொட்டு மருந்து கிட்டும் இருக்கு. காலேஜ்ல ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷன் பண்ணியிருப்பீங்களே, ஒயின் சிவப்புல இருந்து நீலம், அதே சங்கதி. உறுதியா வேணும்னா குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட ஆய்வகங்கள்ல கட்டணம் கட்டி சாம்பிள் கொடுக்கலாம்.

ஆனா ஒரு தடவை அளந்தா போதாது, அதுவும் சென்னையில. எங்க சம்ப்ல ஒரு வாரம் மெட்ரோ வாட்டர், ஒரு வாரம் போர், கோடையில லாரி. எல்லாம் ஒரே தொட்டியில கலக்குது. மெட்ரோ வாட்டர்லயே புழல், செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணி இருக்கு, 2004-ல இருந்து வீராணம் தண்ணி இருக்கு, நெம்மேலி கடல்நீர் ஆலைத் தண்ணி இருக்கு. கடல்நீரைச் சுத்திகரிச்சா உப்பெல்லாம் போய் ரொம்ப மென்மையாயிடும். அப்படியே விட்டா பைப்பை அரிக்கும்னு அதுல கொஞ்சம் கால்சியத்தைத் திருப்பிச் சேர்த்து அனுப்புறாங்க. நாம கால்சியம் வேண்டாம்னு அழுறோம், அவங்க காசு கொடுத்துச் சேர்க்குறாங்க! ஆக ஜனவரியில எடுத்த ரிப்போர்ட்டை வச்சுக்கிட்டு மே மாசத்துக்கு முடிவெடுக்க முடியாது. ரெண்டு சீசன்லயும் ஒரு ஸ்ட்ரிப் நனைச்சுப் பாருங்க.

சாஃப்ட்னர் வாங்கலாமா?

நேயர்கள்ல நிறைய பேர் கேட்டது இது. சாஃப்ட்னர் வேலை செய்யும், உண்மையாவே செய்யும். உள்ள இருக்கிற ரெசின் மணிகள் கால்சியத்தைப் பிடிச்சுக்கிட்டு சோடியத்தை விடும். மணி நிறைஞ்சதும் உப்புத் தண்ணியால கழுவி மறுபடி தயார் பண்ணணும். அதனால டி.டி.எஸ். குறையாது, குறையலன்னு கம்பெனிக்காரரோட சண்டைக்குப் போகாதீங்க. ஆனா கணக்கு பாருங்க. 400 இருக்கிற தண்ணி, ஒரு வீட்டுக்கு தினம் 500 லிட்டர்னா, ரெசினைக் கழுவ தினம் ஏறத்தாழ அரை கிலோ உப்பு தேவைப்படும். அந்த உப்பெல்லாம் சாக்கடைக்குத்தான் போகுது. 60 வீட்டு அபார்ட்மென்ட்னா தினம் 30 கிலோ. அந்தத் தண்ணியையே எஸ்.டி.பி.யில சுத்தம் பண்ணி செடிக்கு ஊத்துறோம்னா, செடி என்ன பாடுபடும்?

குடிக்கவும் அதையே எடுக்காதீங்க. 400-ஐ முழுசா மாத்தினா லிட்டருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல சோடியம் கூடுதலா வரும். வீட்டுல பி.பி. இருக்கிறவங்க இருந்தா கவனிக்கணும். என் கருத்து, முழு வீட்டுக்கும் வேண்டாம், கீசர் லைனுக்கு மட்டும் சின்னதா போட்டா போதும். பைப்ல மாட்டுற காந்தம், ஒயர் சுத்துற மெஷின் இதெல்லாம் நம்பி வாங்குற அளவுக்கு எனக்கு நிரூபணம் கிடைக்கல.

ஆர்.ஓ.ல இருந்து வெளிய போற கழிவுத் தண்ணியைச் சேமிச்சு மெஷின்ல ஊத்துறேன்னு ஒரு நேயர் எழுதியிருந்தாங்க. எண்ணம் நல்லது, இடம் தப்பு. வடிகட்டின கால்சியம் எல்லாம் அதுலதான் இருக்கு. தரை துடைக்க, டாய்லெட்ல ஊத்த வச்சுக்கோங்க.

‘ஹார்டு வாட்டர் குடிச்சா கிட்னி ஸ்டோன் வருமா’ன்னும் கேட்டிருந்தாங்க. கீசர்ல கல்லு வந்தா கிட்னியிலயும் வரும்னு தோணுறது நியாயம்தான், ஆனா உடம்பு கீசர் இல்ல. கடினத்தன்மைக்கு ஆரோக்கியம் சார்ந்த வரம்புன்னு உலக சுகாதார நிறுவனம் எதையும் வைக்கல.

காசு செலவில்லாத வழி ஒண்ணு இருக்கு, தெர்மோஸ்டாட். எங்க கீசர் 75-ல இருந்துச்சு. அவ்வளவு சூடாக்கி, அப்புறம் பாதி பச்சைத் தண்ணி கலந்து குளிச்சுட்டு இருந்தோம். 60 தாண்டினா படிவு வேகமெடுக்கும், அதனால இப்போ 55-ல வச்சு, குளிக்கிறதுக்கு முன்னாடி மட்டும் போடுறோம். நாள் முழுக்க வெதுவெதுன்னு ஆன்லயே விடுற பழக்கம் வேண்டாம், அந்தச் சூட்டுல கிருமி வளரும். வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து சுத்தம் பண்ணச் சொல்லி காலண்டர்ல போட்டிருக்கேன். வாரன்டி கார்டையும் எடுத்துப் பாருங்க, படிவால வர்ற பழுதுக்குப் பொறுப்பில்லன்னு சின்ன எழுத்துல போட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

அட்வான்ஸ் என்னாச்சுன்னு கேப்பீங்க. நியூஸ்பேப்பர்ல பரப்பின கல்லைப் போட்டோ எடுத்து, ஸ்ட்ரிப் ரிசல்ட்டோட ஹவுஸ் ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். ரெண்டு நாள் ப்ளூ டிக் மட்டும். மூணாவது நாள் போன் பண்ணார். “தம்பி, எங்க வீட்டு கீசரும் இப்படித்தான் சத்தம் போடுது, அந்த மெக்கானிக் நம்பர் கொடுங்க.” காயில் காசு அவர் கொடுத்தார், வருஷ சர்வீஸ் காசு இனிமே என்னோடதுன்னு பேசி முடிச்சோம். சேஃப்டி வால்வைப் பாதி பாதி போட்டு மாத்திட்டோம்.